பழைய புல்லட்டின் என்ஜின்: பிரிப்பதற்கு முன் அளந்து பார்ப்போம்

நாக்பூரில் எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற உடைமைகளுள் பங்கிட முடியாதது ஒன்றே ஒன்று: 1972 ஆம் ஆண்டில் பதிவான ஒரு 350 சி.சி. புல்லட். 1984 ஆம் ஆண்டில் வங்கிக் கடன் பெற்று, முதல் உரிமையாளரிடமிருந்து அவர் அதனை வாங்கினார். ரயில்வே அலுவலகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும் எங்கள் பள்ளிக்கும் அவரைச் சுமந்து சென்ற அந்த வண்டி, அவர் மறைந்த பின் மூன்று ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் அசையாமல் நின்றது. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் சகோதரர் இருவரும் சேர்ந்து அதனை வெளியே எடுத்தோம். புதிய பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் துடைத்து, பத்துப் பன்னிரண்டு முறை உதைத்தபின் என்ஜின் உயிர் பெற்றது. ஆனால் புகைபோக்கியிலிருந்து எழுந்த நீலப் புகை தெருவையே மறைத்தது. என்ஜினுக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டுவது போன்ற ஓர் ஓசையும் கேட்டது.

அருகிலிருந்த பட்டறைக்கு வண்டியைத் தள்ளிச் சென்றோம். அங்கிருந்தவர் ஒரு நிமிடம் செவிமடுத்துக் கேட்டார். என்ஜின் முழுவதும் போய்விட்டதென்றும், பழையதைக் கழற்றிவிட்டுத் தம்மிடம் தயாராக இருக்கும் வேறொரு என்ஜினைப் பொருத்தித் தருவதாகவும், செலவு 48,000 ரூபாய் ஆகுமென்றும் சொன்னார். அவர் பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரு கருவியையும் கையில் எடுக்கவில்லை. விற்றுவிடலாம் என்ற எண்ணம் எங்களுள் இளையவருக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது.

அந்த 48,000 ரூபாயைக் கொடுக்காமல் இருந்ததற்கு எங்கள் அறிவு காரணமன்று, தயக்கமே காரணம். தயங்கிய அந்த இரண்டு வாரங்களில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறோம். வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் பலருக்கு இது பயன்படக்கூடும்.

இந்த என்ஜினின் இயல்பு

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955 ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. திருவொற்றியூர் ஆலையில் தொடங்கிய புல்லட் உற்பத்தி, தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னரும் இங்கே தொடர்ந்தது. அதன் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட என்ஜின், பெரிய அளவில் உருமாறாமல் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை உற்பத்தியில் இருந்தது. ஐம்பது ஆண்டு பழைய வண்டிக்கு இன்றும் பிஸ்டனும் வால்வும் கடையில் கிடைப்பதற்கு இதுவே காரணம். இந்த நற்பேறு வேறு பல பழைய வண்டிகளுக்கு இல்லை.

சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தொலைவு 90 மி.மீ. இரண்டையும் கொண்டு கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். விட்டத்தைவிட நகரும் தொலைவு மிகுந்த இத்தகைய என்ஜின் மெதுவாகச் சுழன்று வலுவாக இழுக்கும். எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. கிராங்க் அறையின் வார்ப்பிலேயே ஒரு பகுதி தொட்டியாக அமைந்துள்ளது. அங்கிருந்து ஒரு பம்ப் எண்ணெயைக் கிராங்குக்கு அனுப்ப, மற்றொன்று கீழே வடிந்ததை மீட்டெடுத்துத் திரும்ப அனுப்புகிறது. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளைகள் கொண்ட பேரிங் இல்லை. மிதக்கும் புஷ் ஒன்றே உண்டு. எண்ணெய் தடையின்றி வரும் வரை அது நெடுநாள் உழைக்கும். எண்ணெய் தடைப்பட்டால் முதலில் அழிவதும் அதுவே. இந்த அமைப்பை மனத்தில் கொண்டால் பின்வரும் சோதனைகளின் பொருள் எளிதில் விளங்கும்.

புகை சொல்வதெல்லாம் உண்மையன்று

நண்பர் ஒருவர் வழியாக நகரின் பழைய பகுதியில் முதிய மெக்கானிக் ஒருவரைக் கண்டோம். எல்லாரும் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைக்கின்றனர். நாங்களும் அவ்வாறே அழைத்தோம். புகையைப் பற்றி நாங்கள் விவரித்ததைக் கேட்டு அவர் சிரித்தார். “மூன்று வருடம் நின்ற புல்லட் புகைக்காவிட்டால்தான், பேட்டா, நான் கவலைப்படுவேன்” என்றார்.

காரணத்தை அவரே விளக்கினார். வண்டி நீண்ட நாள் நிற்கும்போது தொட்டியிலுள்ள எண்ணெய் பம்பின் தேய்ந்த பரப்புகளின் ஊடே சிறிது சிறிதாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்த எண்ணெய் வாரியடிக்கப்பட்டுச் சிலிண்டருக்குள் ஏறிப் புகையாகும். இதற்கும் பிஸ்டனின் தேய்மானத்துக்கும் தொடர்பில்லை. அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றியபோது எங்கள் வண்டியின் கிராங்க் அறையிலிருந்து அரை லிட்டருக்கு மேல் எண்ணெய் வடிந்தது. தொட்டியில் புதிய எண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் ஓட்டியதும் புகை பாதியாகக் குறைந்தது. 48,000 ரூபாய்ச் செலவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தில் பாதி அன்று மாலையே சாக்கடையோரத்துத் தகர டப்பாவில் கிடந்தது.

எஞ்சிய புகை எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முறுக்கியைத் திறந்து மேட்டில் ஏறும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவரையும் ஐயுறலாம். முறுக்கியை மூடி இறக்கத்தில் வந்து, மீண்டும் திறக்கும் கணத்தில் குபீரென்று எழுந்து மறைந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கக்கூடும். கரும்புகை எண்ணெயால் வருவதன்று, பெட்ரோல் மிகுதியால் வருவது. அதற்குக் கார்புரேட்டரைத் திருத்தினாலே போதும். எங்கள் வண்டியில் முதலிரண்டுமே ஓரளவு தெரிந்தன.

ஓசையையும் இவ்வாறே பகுத்துக் கேட்க வேண்டும். குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடேறியதும் தணியும் தகரவொலி பிஸ்டன் சிலிண்டரின் பக்கச் சுவரில் மோதும் ஒலி, அது அச்சத்துக்குரியதன்று. சூடேறிய பின், சுமையோடு இழுக்கும்போது ‘தொம், தொம்’ என்று அடியிலிருந்து வருவது கனெக்டிங் ராடின் பெரிய முனையின் ஒலி. அது கேட்டால் வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். கால் வைக்கும் கம்பியில் உறுமலாக உணரப்படுவது கிராங்கின் பக்க பேரிங்குகளைக் குறிக்கும். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பது மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்புக்கு நிகரான பழைய உத்தி. டேப்பெட்டின் இடைவெளி தவறியிருந்தாலும் இத்தகைய ஓசை எழும் என்பதால், முதலில் அதனைச் சரிசெய்துவிட வேண்டும். புல்லட்டில் என்ஜின் குளிர்ந்திருக்கையில் தள்ளுதண்டு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

அழுத்தத்தைச் சோதித்தல்

புல்லட் ஓட்டியவர்கள் அறிந்த ஓர் எளிய சோதனை உண்டு. அழுத்த நிலை வரும் வரை கிக்கரை மெல்ல இறக்கி, பின் உடல் எடையை அதன்மேல் நிறுத்த வேண்டும். என்ஜின் நல்ல நிலையில் இருந்தால் கிக்கர் சில நொடிகள் தாங்கி நிற்கும். உடனே நழுவி இறங்கினால் காற்று எங்கோ கசிகிறது. ஆனால் எங்கே கசிகிறது என்பதை இச்சோதனை சொல்லாது.

அதற்கு அழுத்தமானி வேண்டும். பிளக் துளையில் அதனைப் பொருத்தி, முறுக்கியை முழுவதும் திறந்து, முள் நிலைகொள்ளும் வரை உதைக்க வேண்டும். முறுக்கியைத் திறக்க மறந்தால் அளவு பொய்யாகும். இப்பிழையைப் பலரும் செய்கின்றனர். எங்கள் வண்டி 80 பி.எஸ்.ஐ. காட்டியது. பின்னர் பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி என்ஜின் எண்ணெய் ஊற்றி மீண்டும் உதைத்தோம். 105 ஆக உயர்ந்தது. இந்த உயர்வே இங்குக் கருதத்தக்கது. எண்ணெய் வளையங்களைச் சுற்றி நிறைந்து தற்காலிகமாக அடைப்பதால் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே கசிவு வளையங்களின் வழியே. எண்ணெய் ஊற்றியும் ஏறாவிட்டால் வால்வையோ, ஹெட் கேஸ்கட்டையோ, புல்லட்டுக்கே உரிய டிகம்ப்ரஸரையோ ஐயுற வேண்டும். சரியாக மூடாத டிகம்ப்ரஸர் ஒன்றினால் சிலிண்டரையே மாற்றியவர்களை உஸ்தாத் அறிவார்.

இதனினும் துல்லியமானது காற்றுச் செலுத்தும் சோதனை. அழுத்தச் சுற்றின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, வண்டியைக் கியரில் வைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஞ்சர்க் கடைக் கம்ப்ரஸரின் காற்றைப் பிளக் துளை வழியே செலுத்த வேண்டும். பிரேக்கைப் பிடிக்காவிட்டால் பிஸ்டன் காற்றால் தள்ளப்பட்டு வண்டியே நகர்ந்துவிடும். பின் காதுகொடுத்துக் கேட்டால் போதும். புகைபோக்கியில் சீறினால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டரில் சீறினால் உள்ளிழுப்பு வால்வு. எண்ணெய் மூடியில் சீறினால் வளையங்கள். எங்கள் வண்டி எண்ணெய் மூடியில் பலமாகவும், புகைபோக்கியில் மெலிதாகவும் சீறியது.

இத்தனையும் முடிந்தபோது என்ஜினின் ஒரு நட்டைக்கூட நாங்கள் கழற்றியிருக்கவில்லை. மேற்பகுதியைத் திறந்தே ஆக வேண்டும் என்பது தெளிவாயிற்று. அடிப்பகுதியைப் பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லை.

தேய்மானத்தை அளத்தல்

புல்லட்டின் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்ற என்ஜினைச் சட்டகத்திலிருந்து இறக்க வேண்டியதில்லை. பெட்ரோல் டேங்கை எடுத்தாலே போதும். சிலிண்டரை உருவியதும் முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டனின் தலை. கரியைச் சுரண்டியபோது அதில் ‘20’ என்ற எண் பொறித்திருந்தது. அதாவது, எங்கள் தந்தையார் காலத்திலோ அதற்கு முன்போ இந்தச் சிலிண்டர் ஒருமுறை ரீபோர் செய்யப்பட்டு, 20 தௌ பெரிய பிஸ்டன் பொருத்தப்பட்டிருக்கிறது. பட்டறையில் ‘தௌ’ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தௌ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். எனவே நாம் ஒப்பிட வேண்டிய அளவு 70 அன்று, 70.51 மி.மீ. இதைக் கவனியாமல் அளப்பவர் புதிய சிலிண்டரையும் தேய்ந்ததென்று முடிவுகட்டிவிடுவார்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் வளையம் உச்சியில் நின்று திரும்பும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி, எண்ணெயோ குறைவு. அங்கேதான் தேய்மானம் மிகும். பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் முன்பின் திசையில் பக்கவாட்டைவிட மிகுதியாகத் தேயும். ஆகவே மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக, ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். லேத் பட்டறையின் போர் கேஜில் எங்கள் சிலிண்டரின் முன்பின் அளவுகள் மேலே 70.72, நடுவில் 70.63, கீழே 70.53 எனக் கிடைத்தன. மேல் மட்டத்தின் பக்கவாட்டு அளவு 70.64. வட்டமாக இருக்க வேண்டியது நீள்வட்டமாகவும், நேராக இருக்க வேண்டியது புனல் போலவும் ஆகியிருந்தது.

போர் கேஜ் இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வழி உண்டு. எங்களை மிகவும் கவர்ந்ததும் அதுவே. பழைய வளையம் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் மட்டமாகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கிடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். தேயாத அடிப்பகுதியில் ஒருமுறை, தேய்ந்த மேற்பகுதியில் ஒருமுறை. எங்களுக்குக் கீழே 0.55, மேலே 1.15 மி.மீ. வந்தது. வித்தியாசமான 0.60 ஐ 3.14 ஆல் வகுத்தால் 0.19. போர் கேஜ் காட்டிய 70.72 இலிருந்து 70.53 ஐக் கழித்தாலும் அதே 0.19 தான். பள்ளியில் படித்த வட்டத்தின் சுற்றளவு, இத்தனை ஆண்டு கழித்து ஒரு பழைய வளையத்தின் உருவில் எங்களுக்குப் பயன்பட்டது. புதிய வளையத்துக்கு, விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 4 தௌ என்ற பொதுக் கணக்கின்படி, ஏறத்தாழ 0.28 மி.மீ. இடைவெளி போதுமானது. எங்களுடையது நான்கு மடங்கு அகன்றிருந்தது.

அடுத்த பிஸ்டன் 30 தௌ. அதற்குச் சிலிண்டர் 70.76 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் சிலிண்டர் ஏற்கெனவே ஒரு பக்கத்தில் 70.72 வரை தேய்ந்துவிட்டது. எஞ்சிய 0.04 மி.மீ.யைக் கொண்டு கோணலை முழுமையாகச் சீர்செய்ய இயலாது. எனவே 40 தௌ, அதாவது 71.02 மி.மீ. என்று முடிவாயிற்று. என்ஜினின் கொள்ளளவு ஏறத்தாழ பத்து சி.சி. கூடும், ஓட்டும்போது அது தெரியாது. ஆனால் ஒவ்வொரு ரீபோரும் சிலிண்டரின் சேமிப்பிலிருந்து எடுக்கும் பணம் போன்றது. எடுத்ததைத் திரும்பச் செலுத்த முடியாது. கடைசி அளவும் கடந்துவிட்டால் உள்ளே ஸ்லீவ் இறக்க வேண்டும். சிறிது புகை கண்டவுடனே ‘ஒரு போர் போட்டுவிடலாம்’ என்று சொல்பவரிடம் இணங்கிவிடாதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்.

அடிப்பகுதியைப் பிரிப்பதா, வேண்டாமா?

எங்களுக்குள் கருத்து வேறுபாடு முற்றியது இங்கேதான். கனெக்டிங் ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, இரு கைகளாலும் பிடித்து நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அசைவது இயல்பு. அதனைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. மேலும் கீழுமாக ‘டக்’கென்று உணரக்கூடிய ஆட்டம் இருக்கவே கூடாது. எங்கள் கைகளுக்கு எதுவும் தென்படவில்லை. டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோதும் முள் மிகச் சிறிதே அசைந்தது.

ஆனால் எண்ணெய் வடிகட்டியைக் கழுவியபோது அடியில் வெண்கல நிறத்தில் சில துகள்கள் மின்னின. காந்தத்தில் அவை ஒட்டவில்லை. அவை ராடின் சிறிய முனையிலுள்ள வெண்கல புஷ்ஷிலிருந்து வந்தனவா, அதனினும் ஆழத்திலிருந்து வந்தனவா? பிஸ்டன் பின்னைச் செருகி ஆட்டியபோது சிறிய முனையில் தேய்மானம் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. துகள்களுக்கு அந்த ஒரு காரணமே போதுமானதாக இருக்கலாம், போதாமலும் இருக்கலாம்.

திறந்ததோடு திறந்ததாக எல்லாவற்றையும் செய்துவிடுவோம் என்றார் எங்களுள் இளையவர். விற்க எண்ணியவரே இப்போது முழுமையாகச் செய்ய விரும்பினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். கிராங்கைப் பிரிப்பது எளிய வேலையன்று. பளுச்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பின்னைக் கழற்றி, புதிய ராடும் புஷ்ஷும் பொருத்தி, மீண்டும் சேர்த்தபின் இரு முனைகளையும் தாங்கியில் ஏற்றிச் சுழற்றி, டயல் கேஜால் கோணல் பார்த்து, செம்புச் சுத்தியால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். அதனைச் சரியாகச் செய்பவர் சிலரே. நன்றாக இருந்த கிராங்கைப் பிரித்துக் கெடுத்த கதைகள் பல. உஸ்தாத் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, “அளவு கேட்டால் பிரிப்போம்; பயம் கேட்டால் பிரிக்கக் கூடாது” என்றார்.

பிரிப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆயினும் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொண்டோம். எண்ணெய் பம்புகளைக் கழற்றி, தேய்ந்த வட்டுகளை மென்மையான பசையிட்டு உரசிச் சமன்செய்தோம். டைமிங் மூடியினுள் கிராங்கின் முனையில் அமரும் சிறிய கார்க் வாஷரை மாற்றினோம். சில ரூபாய் விலையுள்ள இந்த வாஷர் கசிந்தால் பெரிய முனைக்குப் போக வேண்டிய எண்ணெய் பாதி வழியிலேயே வெளியேறிவிடும். மூன்றாவது ஏற்பாடு வங்கியில் செய்தது. அதைக் கீழே சொல்கிறோம்.

செலவைத் திட்டமிடுதல்

முதலில் பிஸ்டன் கிட்டை வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் குடையச் சொல்ல வேண்டும். சிலிண்டரைக் குடைந்துவிட்டுப் பிஸ்டனைத் தேடக் கூடாது. ஒரே அளவு குறிக்கப்பட்ட பிஸ்டன்களுக்குள்ளும் நுண்ணிய வேறுபாடு உண்டு. எங்களுக்கு வேண்டிய 40 தௌ பிஸ்டன் நாக்பூரில் கிடைக்கவில்லை, சென்னை ஜி.பி. சாலையிலிருந்து பார்சலில் வந்தது. வண்டி பிறந்த ஊரிலிருந்தே அதற்குப் புதிய பிஸ்டன் வந்தது எங்களுக்கு மகிழ்ச்சியளித்தது.

பிஸ்டன் கிட், ரீபோரும் ஹோனிங்கும், இரு வால்வுகளும் கைடுகளும், சிறிய முனை புஷ், கேஸ்கட்டுகள், கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்து 17,600 ரூபாய் ஆயிற்று. ஹோனிங் முடிந்து வந்த சிலிண்டரைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். பெட்ரோலால் கழுவினால் உரசு துகள் நுண்வரிகளிலேயே தங்கிப் புதிய வளையங்களைத் தின்றுவிடும். இதற்குச் செலவில்லை, ஆனால் பல பட்டறைகளில் இதற்குப் பொறுமையும் இல்லை.

அடிப்பகுதிக்கு உஸ்தாத் சொன்ன மதிப்பீடு 16,000 ரூபாய். அத்தொகையை ஓராண்டு வைப்பில் இட்டோம். இதுவே மூன்றாவது ஏற்பாடு. துகள்கள் மீண்டும் தோன்றினால் அன்றே வேலையைத் தொடங்கலாம். தோன்றாவிட்டால் பணம் வட்டியோடு இருக்கும். பழைய என்ஜினில் மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்கேனும் ஒதுக்கி வைக்காமல் தொடங்குபவர், பிரித்த என்ஜினைச் சாக்குப் பையில் கட்டிவைத்துக் காத்திருக்க நேரிடும். அவ்வாறு கட்டிய பைகள் உஸ்தாத்தின் பட்டறை மூலையில் நான்கு இருந்தன.

ஆவணங்கள்

முதல் பட்டறையார் சொன்ன மாற்று என்ஜினைப் பொருத்தியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பை நாங்கள் பின்னரே உணர்ந்தோம். பதிவுச் சான்றிதழில் உள்ள எண் என்ஜினில் இல்லையென்றால் புதுப்பித்தலும் காப்பீடும் சிக்கலாகும். முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கென 2021 ஆம் ஆண்டில் மத்திய அரசு தனி விதிகளை வகுத்தது. அவற்றின்படி ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனி எண்ணைப் பெறலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் என்ஜினோ சட்டகமோ பெரிதும் மாற்றப்படாதிருக்க வேண்டும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: அவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு முதலியவற்றுக்கே ஓட்டலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலாகாது. சந்தைக்குச் செல்லவும் புல்லட் வேண்டும் என்பதால் நாங்கள் வழக்கமான பதிவையே ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ள விரும்பினோம்.

அங்கே ஒரு பழைய கணக்கு எங்களை எதிர்கொண்டது. 1984 ஆம் ஆண்டுக் கடனைத் தந்தையார் 1987 இல் முடித்துவிட்டார். ஆனால் பதிவுப் புத்தகத்தில் வங்கியின் பெயரிலான அடமானக் குறிப்பு நீக்கப்படாமலே இருந்தது. கடன் தீர்ந்ததும் வங்கி தரும் தடையில்லாச் சான்றையும் படிவம் 35 ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அக்குறிப்பை நீக்க வேண்டும். இது தானாக நடப்பதில்லை. கிளையின் பழைய பேரேட்டைத் தேடியெடுத்துச் சான்று பெற ஆறு வாரங்கள் ஆயின. பின்னரே படிவம் 31 வழியாக, வாரிசு என்ற முறையில் பெயர் மாற்றம் நடந்தது. உங்கள் வீட்டு வண்டியின் சான்றிதழையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அது ஐந்து நிமிட வேலை.

காப்பீட்டில், ஐந்து ஆண்டு கடந்த வாகனத்தின் மதிப்பு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வதாகும். ரசீதுகளும், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்களும் அந்தப் பேச்சில் நமக்குத் துணையாகும். ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காமல் கணக்கு வழியே செலுத்தி ரசீது வாங்கினோம்.

தை மாதத்தில் என்ஜின் மீண்டும் ஓடியது. முதல் 500 கிலோமீட்டர் முறுக்கியை முழுவதும் திறக்காமலும், உயர் கியரில் திணற விடாமலும், ஒரே வேகத்தில் நெடுநேரம் செல்லாமலும் ஓட்டினோம். முதல் ஓட்டத்துக்குப் பின் என்ஜின் முற்றிலும் குளிர்ந்ததும் ஹெட்டின் நட்டுகளை மீண்டும் இறுக்கினோம். எண்ணெய் மூடியைத் திறந்து, திரும்பி வரும் எண்ணெய் துடித்துத் துடித்து விழுவதை ஒவ்வொரு காலையும் பார்த்தோம். 500 ஆவது கிலோமீட்டரில் எண்ணெயை இறக்கி, வடிகட்டியை வெள்ளைத் தட்டின் மேல் கழுவினோம். புதிய வளையங்கள் பதிந்ததில் உதிர்ந்த கருநிற இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டியது. வெண்கல நிறத் துகள் இரண்டு மட்டும் தட்டில் கிடந்தன. முன்பு எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அழுத்தமானி 120 காட்டியது. அடுத்த சோதனை 1,500 கிலோமீட்டரில். அதுவரை அந்த 16,000 ரூபாய் வைப்பிலேயே இருக்கும்.